ஏஜென்ட் யாரும் இல்லை

இலவசம் என்று யாராவது சொன்னால் எனக்கு எரிச்சல் வரும். சோப்போடு சீப்பு இலவசம் என்றாலும் சரி, கண் பரிசோதனை இலவசம் என்றாலும் சரி, எங்கேயோ நம் தலையில் கை வைக்கப் போகிறார்கள் என்றுதான் தோன்றும். இருபது வருடமாகப் பள்ளிக்கூடத்தில் கணக்கு சொல்லிக்கொடுக்கிறேன். ஒரு பக்கம் கூடினால் இன்னொரு பக்கம் குறைந்தே தீரவேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. அந்தத் தெளிவோடுதான் ஒரு நல்ல மனிதரைத் திருடன் என்று நினைத்தேன். இதை எழுதிவிடலாம் என்று பல தடவை உட்கார்ந்து, வெட்கம் தாங்காமல் எழுந்து போயிருக்கிறேன்.

பாகூர் பக்கத்தில் எங்களுக்கு ஒரு மனை இருந்தது. விவசாயக் குடும்பம் ஒன்றிடமிருந்து சில வருடங்களுக்கு முன்பு வாங்கியது. சுற்றிலும் நெல் வயல், ஒரு பக்கம் மட்டும் நாலைந்து புது வீடுகள். நான் நெட்டப்பாக்கம் கொம்யூன் பஞ்சாயத்தில் ஒரு அரசுப் பள்ளியில் இருக்கிறேன். என் வீட்டுக்காரர் ஒரு கம்பெனியில் ஃபிட்டர், ஷிஃப்ட் வேலை. குடியிருப்பது வில்லியனூரில், வாடகைக்கு. வாடகை ஏற ஏற, கட்டிவிடலாம் என்ற பேச்சும் வீட்டில் ஏறிக்கொண்டே வந்தது. வங்கிக் கடன் இல்லாமல் நடக்கிற காரியம் இல்லை.

வில்லியனூர் கடைத்தெருவில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் பாயை எங்களுக்கு நன்றாகத் தெரியும். என் கேள்வித்தாள்கள் எல்லாம் அவர் கடையில்தான் நகல் எடுப்பேன். என் வீட்டுக்காரருக்கும் அவருக்கும் பத்து வருடப் பழக்கம். காலை ஷிஃப்ட் முடிந்து வந்தால் இரண்டு பேரும் கடை வாசலில் நின்று டீ குடிப்பார்கள். கடைக்குள் ஒரு ஓரத்தில், வீட்டுக் கடன் ஏற்பாடு செய்து தரப்படும் என்று சின்னதாக ஒரு பலகை இருக்கும். பாய் ஒரு வங்கிக்கு ஏஜென்ட். காகிதங்களை வாங்கிச் சரிபார்த்து, ஃபைல் போட்டு, வங்கியில் கொண்டுபோய்க் கொடுத்து, கடன் கைக்கு வரும்வரை கூட நிற்பது அவர் வேலை.

முதல் நாளே அவர் எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னார். எந்த வங்கி, இன்றைக்கு என்ன வட்டி, எத்தனை நாள் ஆகும், எங்கே சிக்கல் வரும் என்று விரல் விட்டுச் சொன்னார். உங்களுக்கு நாங்கள் என்ன தரவேண்டும் என்று கேட்டேன்.

"ஒண்ணும் தர வேணாம் மேடம். லோன் பாஸானா பேங்க்ல எனக்குக் குடுப்பாங்க. உங்க கையால ஒரு டீ வாங்கிக் குடுங்க, போதும்."

ஏஜென்ட்டுகளுக்கெல்லாம் வங்கியில் ஒரு நம்பர் இருக்கிறதாம். அந்த நம்பரில் ஃபைல்கள் வந்துகொண்டிருந்தால்தான் வைத்திருப்பார்களாம், இல்லாவிட்டால் எடுத்துவிடுவார்களாம். இந்த வருடம் தனக்கு ஃபைல் குறைச்சல், எங்களுடையது நல்ல நேரத்தில் வந்திருக்கிறது என்று சிரித்துக்கொண்டே சொன்னார். அவர் சிரித்ததால் நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. என் புத்திக்குப் பட்டதெல்லாம் ஒன்றுதான்: அப்படியென்றால் இது அவருடைய தேவை, நம்மை விடமாட்டார்.

வீட்டுக்கு வந்ததும் வாக்குவாதம். தெரிந்த வேலையைத் தெரிந்தவர் செய்யட்டும், நமக்கு ஏன் அலைச்சல் என்பது என் வீட்டுக்காரர் கட்சி. கணக்கு டீச்சர் வீட்டில் வட்டி பார்க்க ஆள் வைப்பதா என்பது என் கட்சி. மறுநாள் ஸ்டாஃப் ரூமில், யாருக்கோ கேட்பதுபோல் பேச்சை எடுத்தேன். ஏஜென்ட் கையில் பணம் வாங்காவிட்டால் வட்டியில் ஏற்றிவிடுவார்கள், அப்புறம் இருபது வருடம் அழவேண்டியதுதான் என்று சயின்ஸ் டீச்சர் சொன்னார். அவர் சொந்தமாக வீடும் கட்டியதில்லை, கடனும் வாங்கியதில்லை. ஆனால் நான் கேட்க ஆசைப்பட்டதைச் சொன்னார், அது போதுமாக இருந்தது.

நானே தேடுவது என்று முடிவு செய்தேன். அதில் ஒரு தப்பும் இல்லை, இன்றைக்கும் அப்படித்தான் சொல்வேன். ஆனால் அதைப் பாயிடம் சொல்லவில்லை. தப்பு அங்கே ஆரம்பித்தது. அவர் பாட்டுக்கு வேலை செய்யட்டும், நான் பாட்டுக்குத் தேடுகிறேன், எது லாபமோ அதைப் பார்த்துக்கொள்ளலாம் என்று இரண்டு பக்கமும் கால் வைத்தேன்.

தேடின கதை சந்தி சிரிக்கும். இரவு சாப்பிட்டதும் போனும் கையுமாக உட்கார்ந்து, ஒரு வெப்சைட்டில் என் நம்பரைக் கொடுத்தேன். மறுநாள் ஒன்பதாம் வகுப்பில் பாடம் நடத்தும்போது எட்டுத் தடவை போன் அடித்தது. ஒருத்தி ஹிந்தியில் பேசினாள், ஒருவர் நான் கேட்காத கார் லோனைக் கொடுக்கத் துடித்தார். சனிக்கிழமைகளில் டவுன் பஸ் பிடித்துப் புதுச்சேரி போய் வங்கி வங்கியாக ஏறினேன். நோட்டில் கட்டம் போட்டு வட்டி, கட்டணம், வருடம் எல்லாம் எழுதினேன். வட்டி குறைவாகச் சொன்ன இடத்தில் கட்டணம் வேறு பெயரில் வந்தது. எல்லா இடத்திலும் கடைசியில் ஒரே இடத்தில் முட்டி நின்றேன். எங்கள் மனையின் தாய்ப் பத்திரம், அதாவது அந்த நிலத்துக்கு முதல் முதலாக எழுதிய பத்திரம், பிரெஞ்சுக்காரர்கள் காலத்தது. பிரெஞ்சில், கையால் எழுதியது. இதை மொழிபெயர்த்துக் கொண்டுவந்தால் மேற்கொண்டு பேசலாம் என்று எல்லாரும் சொன்னார்கள். எப்படி, யாரிடம் என்று யாரும் சொல்லவில்லை.

அதைப் பாய் சத்தமில்லாமல் செய்துகொண்டிருந்தார். எங்களுக்கு மனை விற்ற குடும்பத்தை இரண்டு முறை தேடிப்போய், அவர்கள் பெட்டியில் இருந்த பழைய நகலை வாங்கினார். புதுச்சேரியில் ரிட்டையரான பெரியவர் ஒருவர் அந்தக் காலத்துக் கையெழுத்தைப் படிப்பார் என்று கேள்விப்பட்டு அங்கே போனார். பெரியவருக்குக் கண் ஆபரேஷன் நடந்திருந்தது. பத்து நாள் கழித்து மறுபடி போய், பக்கத்தில் உட்கார்ந்து எழுதி வாங்கிக்கொண்டு வந்தார். நாலு தலைமுறையாக நிலம் யார் யார் கைக்கு மாறியது என்று ஒரு தாளில் வரிசையாக எழுதிவைத்தார். இதையெல்லாம் போனில் எனக்குச் சொல்லும்போது அவர் குரலில் ஒரு சந்தோஷம் இருக்கும். எனக்கோ, இவ்வளவு மெனக்கெடுகிறார் என்றால் எவ்வளவு எடுக்கப்போகிறாரோ என்று மனசு கணக்குப் போடும்.

ஒரு மாதம் தேடி முடித்து நோட்டை விரித்துவைத்துப் பார்த்தேன். எப்படிக் கூட்டிக் கழித்தாலும் மற்றவற்றைவிட மேலாக நின்றது ஒரே வங்கி. பாய் முதல் நாள் சொன்ன வங்கி. அவர் சொன்ன அதே வட்டி.

நியாயமாகப் பார்த்தால் நான் அன்றைக்கே போன் போட்டு, ஆகட்டும் பாய் என்று சொல்லியிருக்கவேண்டும். எனக்கு வந்தது ரோஷம். அவர் சொன்னது சரியென்றால் நான் ஒரு மாதம் அலைந்தது என்னத்துக்கு? வங்கி ஏஜென்ட்டுக்குக் கொடுக்கிற பணத்தை, நேராகப் போனால் நமக்கு வட்டியில் குறைப்பார்கள் என்று ஒரு புதுக் கணக்கைக் கண்டுபிடித்தேன். ஃபைல் தயாராக இருந்தது. ஆனால் அது அவரிடம் இருந்தது.

என் மாமனார் பத்திரங்களை ஒரு தடவை பார்க்க ஆசைப்படுகிறார் என்று பாயிடம் சொன்னேன். மாமனாருக்கு அப்படி ஒரு ஆசையும் இல்லை, மனைக்கு எது கிழக்கு என்றுகூட அவருக்குத் தெரியாது. பெரியவர் பார்க்கட்டும் மேடம், அதுவும் நல்லதுதான் என்று பாய் உடனே எடுத்துக் கொடுத்தார். ஒவ்வொரு காகிதத்தையும் பிளாஸ்டிக் உறையில் போட்டு, வரிசை நம்பர் போட்டு, மஞ்சள் துண்டுச்சீட்டில் இது எதற்கு என்று எழுதி ஒட்டியிருந்தார். மழை தூறிக்கொண்டிருந்ததால் ஒரு கவரைத் தேடி எடுத்துப் போட்டுக் கொடுத்தார். பஸ்ஸில் உட்கார்ந்து அந்த மஞ்சள் சீட்டுகளை ஒவ்வொன்றாகப் பிய்த்துக் கைப்பையில் போட்டேன். அவருடைய கையெழுத்து வங்கிக்குத் தெரிந்திருக்குமோ என்ற பயம்.

வங்கியில் கடன் பிரிவில் இருந்த அதிகாரி ஃபைலைப் புரட்டிப் பார்த்தார். பிரெஞ்சுப் பத்திரம் வந்ததும் நிறுத்தி, மொழிபெயர்ப்பைப் படித்து, தலைமுறைத் தாளைப் பார்த்துவிட்டு, இந்தப் பக்கத்து மனைகளுக்கு இவ்வளவு சுத்தமாக ஒரு ஃபைலை யாரும் கொண்டுவந்ததில்லை என்று சொன்னார். யார் மேடம் செய்தது என்று கேட்டார். கணக்கு டீச்சர் இல்லையா சார் என்றேன். அவர் மரியாதையோடு சிரித்தார், நானும் சிரித்தேன்.

பிறகு நான் ஆவலாகக் கேட்டேன், நேராக வந்தால் வட்டி எவ்வளவு குறையும் என்று.

"எப்படி வந்தாலும் ஒரே வட்டிதான் மேடம். ஏஜென்ட் மூலமா வந்தா அவங்களுக்கு நாங்க குடுப்போம், அவ்வளவுதான். உங்களுக்கு அதுல லாபமும் இல்ல, நட்டமும் இல்ல."

என் புதுக் கணக்கு அங்கேயே தப்பாகிப்போனது. அதோடு நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை. அவர் விண்ணப்பத்தை என் பக்கம் திருப்பி ஒரு கட்டத்தைக் காட்டினார். ஏஜென்ட் யாராவது இருந்தால் அவர் நம்பரை இங்கே போடவேண்டும், இருக்கிறார்களா என்று கேட்டார். பேனா என் கையில் இருந்தது. பாயின் ஏஜென்ட் நம்பர் நான் பிய்த்த ஒரு மஞ்சள் சீட்டில் இருந்தது, அது என் கைப்பையிலேயே இருந்தது. எழுதினால் எனக்கு ஒரு பைசா குறையப் போவதில்லை. அவருக்கு ஒரு ஃபைல் கூடும். ஆனால் கணக்கு டீச்சர் இல்லையா சார் என்று இப்போதுதான் பீற்றிக்கொண்டிருந்தேன். எழுதினால் அந்தப் பொய் அங்கேயே உடையும். 'இல்லை' என்று எழுதினேன். என்னுடைய வாழ்க்கையில் பணத்துக்காகச் செய்த தப்புகள் இருக்கின்றன, கோபத்தில் செய்ததும் இருக்கின்றன. இதற்கு அந்தக் காரணம்கூடக் கிடையாது.

விண்ணப்பத்தின் கடைசிப் பக்கத்தில் இன்னொன்று கேட்டிருந்தது. சொந்தக்காரர் அல்லாத, உள்ளூரில் நம்மைத் தெரிந்த இரண்டு பேருடைய பெயரும் போன் நம்பரும் வேண்டும். ஒருவருக்கு வீட்டுக்காரம்மாவை எழுதினேன், வாடகைக்கு இருக்கிற வீட்டின் சொந்தக்காரி. இரண்டாவதுக்கு யோசித்தேன். பள்ளியில் யாரை எழுதினாலும் டீச்சர் லோன் போடுகிறார் என்ற செய்தி மதியச் சாப்பாட்டுக்குள் எல்லா டிபன் பாக்ஸுக்கும் போய்விடும். லோன் விஷயம் ஏற்கெனவே தெரிந்த ஆளாக இருந்தால் நல்லது என்று போனை எடுத்தேன். முதலில் இருந்தது பாயின் நம்பர். இரண்டு நாளாக அவர் கூப்பிட்டு நான் எடுக்காத அழைப்புகள், நாலோ ஐந்தோ. இதெல்லாம் சும்மா ஒரு சடங்கு, யாரும் கூப்பிட்டுக் கேட்கப்போவதில்லை என்று நினைத்து அதையே எழுதி, பக்கத்தில் ஜெராக்ஸ் கடை என்று மட்டும் போட்டுக் கொடுத்துவிட்டு வந்தேன்.

வீட்டில், பாயிடம் சொல்லிவிட்டுத்தான் நேராகப் போனேன், அவரும் சரி என்றுவிட்டார் என்று சொன்னேன். என் வீட்டுக்காரர், அவர் மனசு சங்கடப்படாமல் இருந்தால் சரி என்று மட்டும் சொன்னார்.

வங்கியில் சடங்குக்காக எதையும் கேட்பதில்லை. ஒரு வாரம் கழித்து அதிகாரி கூப்பிட்டு, கடன் பாஸாகிவிட்டது என்றார். நீங்கள் கொடுத்த இரண்டு பேரிடமும் விசாரித்தோம், அந்த ஜெராக்ஸ் கடைக்காரர் உங்களைப் பற்றி ரொம்ப நல்லவிதமாகச் சொன்னார், பத்து வருடமாகத் தெரியும், சொன்ன சொல் தவறாத குடும்பம் என்றார் என்று சொன்னார். ஸ்டாஃப் ரூமில் நின்றபடி அதைக் கேட்டேன். உள்ளே எட்டு பேர் இருந்தார்கள். என்ன டீச்சர், நல்ல செய்தியா என்று ஒருவர் கேட்டார். ஆமாம் என்றேன்.

வங்கியிலிருந்து அந்த போன் வந்தபோது பாய்க்கு எல்லாம் புரிந்திருக்கும். எந்த வங்கி, யாருடைய ஃபைல், ஏன் நான் போனை எடுக்கவில்லை என்று எல்லாம். ஒரு வார்த்தை மாற்றிச் சொல்லியிருந்தால் எங்கள் கடன் நின்றிருக்கும். அவர் சொல்லவில்லை. அன்றோடு எனக்கு அவர் கூப்பிடுவதும் நின்றுபோயிற்று. நான் கடைத்தெருப் பக்கம் போவதை விட்டேன். காலாண்டுத் தேர்வுக் கேள்வித்தாளை நெட்டப்பாக்கத்திலேயே, மை திட்டுத்திட்டாக விழுகிற ஒரு கடையில் எடுத்தேன். பிள்ளைகள் எது இரண்டு எது ஏழு என்று தெரியாமல் கையைத் தூக்கிக்கொண்டிருந்தார்கள்.

வீடு எழும்பியது. ஷிஃப்ட், கொத்தனார், கம்பி, ஜல்லி என்று என் வீட்டுக்காரருக்கும் கடை வாசலில் நின்று டீ குடிக்க நேரமில்லை. கிரகப்பிரவேசத்துக்குப் பத்திரிகை அடித்ததும், முதலில் பாய்க்குக் கொடுக்கவேண்டும் என்றார். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் போதாதா என்று கேட்டேன். என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு வண்டியை எடுத்தார். பின்னால் ஏறி உட்கார்ந்தேன்.

கடைக்குள் நுழைந்ததும் முதலில் கண்ணில் பட்டது, அந்தச் சின்னப் பலகை இல்லை என்பதுதான். அது இருந்த இடத்தில் சுவர் மட்டும் கொஞ்சம் வெளுப்பாக இருந்தது. பாய் எழுந்து வந்து, கையைத் துடைத்துக்கொண்டு பத்திரிகையை இரண்டு கையாலும் வாங்கினார். நின்றபடி கடைசி வரி வரைக்கும் படித்தார். சந்தோசம் என்றார். கண்டிப்பாக வருகிறேன் என்றார். லோன் பலகையைக் காணோமே என்று என் வீட்டுக்காரர் கேட்டார். ஃபைல் கம்மியாப் போச்சுன்னு நம்பரை எடுத்துட்டாங்க சார், இருக்கிற கடையைப் பாத்துக்கினா போதும் என்று சொல்லிவிட்டு, மிஷினில் தாளை அடுக்கினார்.

அப்புறம் என்னைப் பார்த்துக் கேட்டார். "ஒண்ணு கேட்டா தப்பா நெனைக்காதீங்க மேடம். நான் இன்னா தப்பாப் பேசினேன்னுதான் ரொம்ப நாளா யோசிச்சிட்டு இருந்தேன். எதுனா மனசு நோகற மாதிரி சொல்லிட்டனா?"

இத்தனை மாதமாக அவர் என்மேல் கோபமாக இருப்பார் என்றுதான் நினைத்து நினைத்து ஒளிந்துகொண்டிருந்தேன். அவர் தன்மேல் குற்றம் தேடிக்கொண்டிருந்திருக்கிறார். உண்மையைச் சொல்ல இதைவிட ஒரு இடம் கிடைக்காது. மன்னிச்சுக்குங்க பாய், நான் உங்களைச் சந்தேகப்பட்டேன் என்று ஒரே வரி, அவ்வளவுதான். அதற்கு வாயைத் திறந்தேன்.

"ஐயோ, அதெல்லாம் ஒண்ணும் இல்ல பாய். இவருதான் அவசரப்பட்டு நேரா போயிரலாம்னு சொல்லிட்டாரு" என்றேன்.

சொல்லி முடித்த பிறகுதான் சொன்னது என் காதில் விழுந்தது. பாய் மெதுவாக என் வீட்டுக்காரர் பக்கம் திரும்பினார். என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். பாயிடம் சொல்லிவிட்டேன் என்று நான் வீட்டில் சொன்ன பொய், அவர் பெயரில் இப்போது சொன்ன பொய், இரண்டும் அந்த ஒரு நிமிடத்தில் அவருக்குப் புரிந்துவிட்டது. கடையில் வேறு யாரும் இல்லை. மறுத்திருந்தால் நான் அங்கேயே கூனிக்குறுகிப் போயிருப்பேன்.

"ஆமா பாய்" என்றார் அவர். "வாடகை ஏறிக்கினே போச்சா, நாந்தான் கொஞ்சம் பொறுமை இல்லாம பண்ணிட்டேன். மனசுல வச்சுக்காதீங்க."

பாய் பரவாயில்லை சார் என்றார். பத்து வருடத்தில் முதல் தடவையாக, டீ சொல்லட்டுமா என்று என் வீட்டுக்காரரிடம் கேட்கவில்லை. நாங்கள் வெளியே வந்து வண்டியில் ஏறினோம்.  வீட்டுக்காரர் ஒரு திட்டு திட்டியிருந்தால் அழுதாவது இருப்பேன். அடுத்து யார் வூட்டுக்குப் போகணும் என்று மட்டும் கேட்டார்.

கிரகப்பிரவேசத்துக்குப் பாய் வந்தார், சாப்பிட்டார், ஒரு சுவர்க்கடிகாரம் கொடுத்தார். நான் மறுபடி அவர் கடைக்கே போக ஆரம்பித்துவிட்டேன். கேள்வித்தாளை நீட்டினால், மேடத்துக்கு முதல்ல எடு என்று வேலையாளிடம் சொல்வார், புது வீட்டில் தண்ணீர் எப்படி, வெக்கை எப்படி என்று அக்கறையாக விசாரிப்பார். என் வீட்டுக்காரர் இப்போது ரீசார்ஜுக்கும் ஜெராக்ஸுக்கும் வேறு எங்கோ போகிறார், எங்கே என்று நான் கேட்டதில்லை. பாயும் என்னிடம் எல்லாம் விசாரிக்கிறார், சார் எப்படி இருக்கிறார் என்பதை மட்டும் கேட்பதில்லை.